தமக்கையின் மடி

சென்ற திங்கள் உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்றிற்காகத் தஞ்சைக்குச் சென்றிருந்தோம். விருந்து முடிந்த பின்னும் பேருந்துக்கு நேரம் இருந்தமையால் அரண்மனைப் பக்கம் நடந்து, சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தினுள் நுழைந்தோம். 1798 முதல் 1832 வரை தஞ்சையில் இருந்த இரண்டாம் சரபோசி மன்னர் கீழ்த்திசை, மேல்திசை என்ற வேறுபாடு பாராது நூல்களையும் படங்களையும் தேடிச் சேர்த்தவர். அவர் விட்டுச் சென்ற செல்வத்தில் பாமர மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் நின்று வியந்து பார்ப்பது ஒரு படவரிசை. மனித முகமும் விலங்கு முகமும் அருகருகே வரையப்பட்டு, இவ்விரண்டிற்கும் உள்ள ஒப்புமையைக் காட்டும் படங்கள் அவை. எருதின் முகமும் எருது போன்ற மனிதனின் முகமும்; கழுகின் முகமும் கழுகு போன்ற மனிதனின் முகமும். பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தனர்.

அப்படங்களை வகுத்தவர் சார்லஸ் லெ புரூன் என்னும் பிரெஞ்சு ஓவியர். 1619இல் பிறந்து 1690இல் மறைந்தவர். பதினான்காம் லூயி மன்னரின் தலைமை ஓவியர். பாரிசில் 1648இல் அரச ஓவியக் கழகம் தோன்றியபோது அதை நிறுவியவர்களுள் ஒருவர். ஓவியத்தைக் கைத்தொழிலாகக் கருதிய காலம் போய், அதை இலக்கணம் கொண்ட கல்வியாக மாற்றியது அக்கழகம். மனத்தில் எழும் உணர்ச்சி முகத்தில் எவ்வாறு தோன்றும் என்பதற்கும் லெ புரூன் இலக்கணம் வகுத்தார். வியப்புக்கு ஒரு முகம், அச்சத்துக்கு ஒரு முகம், சினத்துக்கு ஒரு முகம். உள்ளத்தின் அசைவை மற்றெல்லா உறுப்புகளையும்விட நன்றாகக் காட்டுவது புருவமே என்பது அவருடைய கொள்கை. பின்வந்த தலைமுறைகளின் மாணவர் பலர் அம்முகங்களைப் பார்த்து எழுதிப் பழகினர்.

கூடத்தில் நின்ற நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. தம்பியை இடுப்பில் சுமந்து நிற்கும் ஒரு சிறுமியின் பரிவுக்குப் புருவத்தில் என்ன அடையாளம் உண்டு? சினமென்றால் புருவம் நெரியும், வியப்பென்றால் உயரும். பரிவுக்கு? அது புருவத்தில் தெரியுமா, புயத்தில் தெரியுமா?

இந்த ஐயம் எழுந்தமைக்குக் காரணம் உண்டு. நம் வீட்டில் ஒரு பிரெஞ்சுப் படம் இருந்தது.

மன்னார்குடிக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள சிற்றூர் நம்முடையது. இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருந்தாலும், நாம் பிறந்து வளர்ந்த நாளில் அது தஞ்சை மாவட்டமே. அங்கிருந்து கீழே சென்றால் கடலோரத்தில் காரைக்கால்; அது அன்று பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். காரைக்காலிலும் அதனைச் சுற்றிய ஊர்களிலும் இருந்து நம்மவர் பலர் கப்பலேறிச் சைகோனுக்குச் சென்று கடை வைத்தும் கணக்கெழுதியும் பிழைத்தனர். உம்மாவின் தம்பியாரும் அவர்களுள் ஒருவர். காரைக்காலில் 1954 நவம்பர் முதல் நாளில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. அதற்குச் சற்று முன்பே மாமா சைகோனை விட்டு ஊர் திரும்பிவிட்டார். அவர் கொண்டுவந்த பெட்டியில் சீனப் பட்டும் வாசனைப் போத்தல்களும் இருந்தன. அவற்றுக்கு அடியில், பழைய நாட்காட்டி ஒன்றிலிருந்து கிழித்த வண்ணப்படமும் ஒன்று இருந்தது.

படத்தில் ஒரு சிறுமி. செருப்பில்லாத கால்களுடன் பாறைமேல் அமர்ந்திருக்கிறாள். அவள் மடியில் ஒரு குழந்தை, தன்னை மறந்து உறங்குகிறது. பின்னே நாட்டுப்புறம். சிறுமி குழந்தையைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்ப்பவரை நேருக்கு நேர் பார்க்கிறாள். அடியில் பிரெஞ்சு மொழியில் ஒரு வரி.

சுவரில் மாட்டலாம் என்றார் மாமா. தொழுகிற வீட்டில் உருவப்படம் வேண்டாம் என்றார் பாட்டனார். அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. படத்தைக் கிழித்தெறியவும் மனம் வராமல் திண்ணையில் வைத்துவிட்டார் மாமா. மறுநாள் அதைக் காணவில்லை. நம் லாத்தா அதை எடுத்துச் சென்று, தம் தகரப் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் சோற்றுப் பசையால் ஒட்டிவிட்டார். சுவரிலும் இல்லை, எறியப்படவும் இல்லை. பெட்டியைத் திறக்கும்போது மட்டும் அந்தச் சிறுமி எழுந்து பார்ப்பாள், மூடினால் மறைந்துவிடுவாள். பாட்டனாருக்கு இது தெரிந்தே இருக்கும். அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

லாத்தா நமக்கு ஒன்பது ஆண்டு மூத்தவர். நாம் பிறந்த ஆண்டு உம்மாவுக்குப் பேறுகாலத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு, எழுந்து நடமாட மாதங்கள் ஆயின. அத்தா மலேயாவில். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த லாத்தாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினர். உம்மாவுக்குச் சுகமான பிறகு அனுப்பலாம் என்றுதான் சொன்னார்களாம். உம்மாவுக்குச் சுகமாயிற்று, ஆனால் வீட்டில் வேலை குறையவில்லை. ஓதப்பள்ளிக்கு மட்டும், நம்மை இடுப்பில் வைத்துக்கொண்டே போய் ஓதி முடித்தார். தமிழெழுத்து மூன்றாம் வகுப்போடு நின்றது.

நமக்கு நினைவு தெரிந்த முதல் இடம் அந்த இடுப்புத்தான். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பியிருப்பார்கள். வெயிலில் சமமாகக் காய்வதற்காக அதைக் காலால் கிளறிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க வேண்டும். நம்மை இடப்பக்கம் வைத்துக்கொண்டு லாத்தா நடப்பார். அந்த நெல்லின் வெம்மணம் நம் மூக்கைவிட்டு இன்னும் அகலவில்லை. ஆனி மாதத்தில், மேட்டூரிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஊருக்கு வரும் நாளை எதிர்பார்த்துப் பிள்ளைகள் ஆற்றுக்கு ஓடுவார்கள். காய்ந்த மணலில் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு புதுத்தண்ணீர் வருவதைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு பெருநாள். மற்ற பிள்ளைகள் இறங்கி அதன் முன்னே ஓடுவார்கள். லாத்தா கரைமேலேயே நிற்பார். இடுப்பில் நாம் இருந்தோமே! அவர் தண்ணீரைப் பார்த்தாரா, அதனோடு ஓடிய தோழிகளைப் பார்த்தாரா என்று அன்று நாம் எண்ணவில்லை.

நாம் பள்ளியில் சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய புதிதில் ஒருநாள், லாத்தா பெட்டியைத் திறந்து படத்தின் அடியில் இருந்த வரியைக் காட்டி, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படி" என்றார். நாம் பார்த்துவிட்டு, "இது தமிழே இல்லை" என்று ஏளனமாகச் சொன்னோம். "அப்படியா" என்று மூடிவிட்டார். அதன்பின் கேட்கவில்லை.

ஆண்டுகள் பல சென்றன. நாம் படித்தோம், பட்டம் பெற்றோம், சென்னையில் கல்லூரி ஆசிரியரானோம். ஒருநாள் நூலகத்தில் ஓர் ஓவிய நூலைப் புரட்டியபோது, அந்தச் சிறுமி நேருக்கு நேர் நம்மைப் பார்த்தாள். சற்று நேரம் பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை.

வில்லியம் புகெரோ என்பவர் 1869இல் வரைந்த ஓவியம் அது. மூலப்படம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. புகெரோ 1825இல் லா ரோஷெல் என்னும் பிரெஞ்சுத் துறைமுக நகரில் பிறந்தவர். ஓவியக் கழகத்தின் உயர்ந்த பரிசாகிய ரோமாபுரிப் பரிசை 1850இல் பெற்று இத்தாலி சென்று பயின்றவர். லெ புரூன் காலத்தில் தொடங்கிய இலக்கணத்தின் கடைசிப் பெரும் புலவர் இவர் எனலாம். தூரிகை பட்ட தடமே தெரியாதபடி வழவழப்பாக முடிப்பது இவர் முறை. சிற்றூர்ச் சிறுமியரையும் அவர்தம் தம்பி தங்கையரையும் திரும்பத் திரும்ப வரைந்தார். பிரித்தானி நாட்டு உடையில் ஓர் அக்காளும் தம்பியும் இருக்கும் 1871ஆம் ஆண்டு ஓவியம் நியூயார்க் மாநகர அருங்காட்சியகத்தில் உள்ளது. இரு சிறுமியர் புல்தரையில் கொட்டை பொறுக்கி இளைப்பாறும் 1882ஆம் ஆண்டு ஓவியம் டெட்ராயிட் நகரில் உள்ளது.

இவரை எள்ளியவர்கள் பலர். புதுவழி கண்ட இளைய ஓவியர்கள், வழவழப்பாக மெருகிட்ட எதற்கும் இவர் பெயரையே வசைச்சொல்லாக்கிச் சிரித்தனர். இவர் இறந்த பின் பல பத்தாண்டுகள் இவரை மதிப்பார் இல்லை. 1984இல் பாரிசில் தொடங்கி நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகே மீண்டும் பேசப்பட்டார். எள்ளியவர்கள் சொன்ன குறை பொய்யன்று. வயற்காட்டுச் சிறுமியின் பாதத்தில் சேறு இல்லை. நகத்தில் அழுக்கு இல்லை. முகத்தில் பசி இல்லை. நாற்றங்காலில் கால் வைத்த எவரும் அந்தப் பாதத்தைப் பார்த்து, இது வயலில் நடந்த பாதம் அன்று என்று சொல்லிவிடுவர்.

ஆயினும் நாம் அவரை எள்ள இயலவில்லை. அந்தப் படத்துக்குத் தம் மகள் ஆங்ரியெத்தையும், கைக்குழந்தையாக இருந்த மகன் போலையுமே அவர் மாதிரியாக இருத்தினார் என்பர். அவருக்குப் பிள்ளைகள் ஐவர். அவர்களுள் நால்வரைத் தம் வாழ்நாளிலேயே மண்ணுக்குக் கொடுத்தார். 1875இல் பதினாறு வயது மகன் போனான். 1877இல் மனைவியும் கைக்குழந்தையும் போயினர். அக்காளின் மடியில் உறங்கிய அந்தப் போலும் 1900இல், தந்தைக்கு ஐந்தாண்டு முன்பே மறைந்தான். எஞ்சியவள் மூத்தவளான ஆங்ரியெத் ஒருத்தியே. உறங்கும் குழந்தையை இத்தனை மெருகுடன் வரைந்த கை, நான்கு பிள்ளைகளை அடக்கம் செய்த கை. உலகில் அழுக்கும் பசியும் சாவும் இருப்பது அறியாமல் அவர் அவற்றை விட்டுவிட்டார் என்று நம்மால் எண்ண முடியவில்லை.

அவர் படத்தில் ஒன்று மட்டும் குறைகிறது என்று நமக்கு வெகுநாள் தோன்றிக்கொண்டே இருந்தது. அது சேறு அன்று. அது என்னவென்று மட்டும் பிடிபடவில்லை.

நம் நாட்டில் அந்த ஐரோப்பிய ஓவிய முறையைக் கைக்கொண்டு புகழ் பெற்றவர் இரவிவர்மா என்பதை யாவரும் அறிவர். 1848இல் கிளிமானூரில் பிறந்தவர். 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகத்தின் படங்கள் தமிழ்நாட்டுச் சுவர்களை எல்லாம் நிறைத்தன. அவருக்கு ஒரு தம்பி இருந்தார், பெயர் ராஜராஜ வர்மா, 1860இல் பிறந்தவர், தாமே தேர்ந்த ஓவியர், இயற்கைக் காட்சிகளை எழுதுவதில் வல்லவர். அண்ணனோடு ஊர் ஊராகச் சுற்றி, அவருக்குத் துணையாகக் கணக்கும் கடிதமும் பார்த்து, நாட்குறிப்பும் எழுதி, அண்ணன் படங்களில் பின்னணியும் தீட்டினார் அவர். 1905 தொடக்கத்தில் தம்பி இறந்தார். அண்ணன் அடுத்த ஆண்டே மறைந்தார். இன்று அண்ணன் பெயரை அறியாதார் இல்லை. தம்பியின் பெயரைச் சொல்வார் எத்தனை பேர்? உடன்பிறப்பின் பாசத்தை வரைந்த படங்கள் உலகில் பல. உடன்பிறப்பின் பாசத்தாலேயே உருவான படங்கள் இவை. ஆனால் அந்தப் பாசம் படத்தின் பின்னணியில், மலையாகவும் மரமாகவும் நின்றுவிட்டது.

ஒருவர் முன்னே நிற்பதற்காக மற்றொருவர் பின்னணியாவது ஓவியர் வீட்டில் மட்டுமா நடக்கிறது?

புகெரோ அந்தப் படத்தை வரைந்த 1869இல் பிரான்சில் பெண்பிள்ளை பள்ளிக்குச் செல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1881இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கி, 1882இல் ஆறு முதல் பதின்மூன்று வயது வரை ஆண், பெண் இருபாலாருக்கும் கல்வியைக் கட்டாயமாக்கினர். அன்று முதல், பகலில் தம்பியை மடியில் வைத்துப் பாறைமேல் இருப்பது சட்டத்துக்கு மாறாயிற்று. நம் மாநிலத்தில் 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது, பிள்ளைகள் வந்தனர். இந்திய நாடு முழுமைக்கும் ஆறு முதல் பதினான்கு வரை கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்தது. லாத்தாவின் மூன்றாம் வகுப்பு முடிந்தது 1950இல். சட்டங்கள் வந்து சேர்ந்தபோது அவருக்கு இடுப்பில் பேரப்பிள்ளை.

நாம் படித்த படிப்பில் லாத்தாவின் பங்கு என்ன என்று எவரும் கேட்டதில்லை. அத்தா அனுப்பிய பணத்தில் படித்தோம் என்றே சொல்லிவந்தோம். அது உண்மையே, ஆனால் பாதி உண்மை. வீட்டில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடத்தை எடுத்து மற்றொரு பிள்ளைக்குக் கொடுத்தார்கள். எடுக்கப்பட்டவர் தூக்கி வளர்த்தார், கொடுக்கப்பட்டவன் படித்தான். பாசம் என்னும் சொல் அந்தக் கணக்கை அழகாக மூடிவிட்டது, பெட்டிமூடியைப் போல.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைச் சிறுவயதில் மீலாது மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஹலீமா அம்மையாரின் மகள் ஷைமா, பால்குடிப் பருவத்தில் அவர்களைத் தூக்கி வளர்த்தவர். ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு ஹுனைன் போருக்குப் பின் பிடிபட்டவர்களுள் ஒருவராக வந்து, தாம் அவர்களின் பால்குடிச் சகோதரி என்றார் ஷைமா. அடையாளம் கேட்கப்பட்டபோது, சுமந்து திரிந்த நாளில் குழந்தை தம்மைக் கடித்த தழும்பைச் சொன்னார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையை விரித்து, அதில் அவரை அமரச் செய்தார்கள். அறுபது வயதை நெருங்கிய தலைவருக்குத் தம்மைச் சுமந்த இடுப்பு மறக்கவில்லை. இந்நிகழ்ச்சியில் நம்மை உலுக்குவது தழும்பே. பாசத்துக்கு அடையாளம் கேட்டால் புருவத்தை எவரும் காட்டுவதில்லை. சுமந்த உடம்பில் அது எழுதப்பட்டிருக்கிறது.

நம் லாத்தாவின் உடம்பிலும் ஓர் அடையாளம் உண்டு. அவர் நிற்கும்போது இடப்பக்க இடுப்பு சற்றே வெளித்தள்ளியிருக்கும். கையில் எதுவும் இல்லாதபோதும், பிள்ளையை வைத்திருப்பவர் போலவே நிற்பார். நாம் அதை அவருடைய இயல்பென்று எண்ணிக்கொண்டிருந்தோம். அது நாம் இருந்த இடம்.

தஞ்சையிலிருந்து அன்று நேரே சென்னைக்குத் திரும்பவில்லை. மன்னார்குடிப் பேருந்தில் ஏறி ஊருக்குப் போனோம். லாத்தாவுக்கு இன்று எண்பதைக் கடந்துவிட்டது. முழங்கால் வலி, கண்ணாடி போட்டும் பார்வை மங்கல். "பெட்டி இருக்கிறதா லாத்தா?" என்றோம். பேத்தி பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தாள். மூடியைத் திறந்தோம். ஓரங்கள் துரு ஏறிப் பழுத்திருந்தன. கரப்பான் அரித்த இடமும் உண்டு. ஆனால் சிறுமி அங்கேயே இருந்தாள், குழந்தையும் உறங்கிக்கொண்டே இருந்தது.

"இதை ஏன் லாத்தா அன்று ஒட்டி வைத்தீர்கள்? அழகாக இருந்தது என்றா?"

லாத்தா படத்தை முகத்தருகே இழுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, அந்தச் சிறுமியின் முகத்தை அன்று, குழந்தையின் தலை கிடந்த கையை விரலால் தொட்டுச் சொன்னார்: "இந்தப் புள்ளைக்குக் கை மரத்துப் போயிருக்கும், தம்பி. தூங்குற புள்ளைய எழுப்பக் கூடாதுன்னு அப்படியே வச்சிருக்கு, பாரு."

ஓவிய நூல்கள் பல படித்திருக்கிறோம். இதை எழுதியவர் எவரும் இல்லை. அந்தப் படத்தில் என்ன குறைகிறது என்று இத்தனை ஆண்டுகள் தேடினோமே, அது குறையவே இல்லை. அந்தக் கையில் இருந்தது. கை மரத்துப் போனவருக்கு மட்டும் தெரியும்படி இருந்தது.

"உங்களுக்கும் மரத்துப் போகுமா?"

"போகும். இந்தப் பக்கம் வலிச்சா அந்தப் பக்கம் மாத்திக்குவேன். நீ இறங்க மாட்டியே!" என்று சிரித்தார்.

பிறகு அவராகவே, விட்ட இடத்திலிருந்து தொடர்பவர் போல, படத்தின் அடியை விரலால் தடவி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு நீ சொல்லவே இல்லையே" என்றார்.

எழுபது ஆண்டுக்குமுன் நாம் ஏளனம் செய்த வரி. மூன்றே சொற்கள். மூத்த சகோதரி என்பது அவற்றின் பொருள். ஆனால் நம் வீட்டில் அதற்கு ஒரே சொல்தான் உண்டு.

"'லாத்தா' என்று எழுதியிருக்கிறது" என்றோம்.

அவர் நம்பவில்லை. "பொய் சொல்லாதே" என்றார். உண்மைதான் என்று மும்முறை சொல்ல வேண்டியிருந்தது. பின்னர், பேத்தியைக் கூப்பிட்டு அந்த வரியை அவளுக்கும் காட்டினார். நாம் சொல்லிக் கொடுக்க, பேத்தி படித்துக் காட்டக் கேட்டுக்கொண்டு நின்றார், இடுப்பைச் சற்றே ஒருக்களித்தபடி.